பெருமாள்ராஜின் மீசையும் அரசாங்கச் சோளமும்

ஆலடிக்குறிச்சிக்காரர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது புதிதாக ஒன்றைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டால், அந்தப் பொருளை அப்படியே அவன் பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுவார்கள். அவன் செத்துச் சாம்பலானாலும் அது உதிராது. தாமிரபரணித் தண்ணீர் வாய்க்கால் வழியாக வாசலுக்கே வந்து நிற்கும் ஊர். நெல்லைத் தவிர வேறெதையும் பற்றி யோசிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் வந்ததில்லை. அதனால் யோசிக்கிறவனைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு நேரம் நிறைய இருந்தது.

பெருமாள்ராஜுக்கு ஏற்கெனவே இரண்டு பெயர்கள். வைக்கோற்படப்புக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டுக் காளான் வளர்த்தபோது 'காளான் பெருமாள்' ஆனான். அந்தக் காளானை வாங்க ஊரில் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அடுத்து முயல் வளர்த்தான். முயல்கள் கூண்டுக்கு அடியில் வளை தோண்டிக்கொண்டு வெளியேறி, தலையாரி வீட்டு அவரைப் பந்தலுக்குக் கீழே பிள்ளை குட்டிகளோடு குடித்தனம் நடத்தின. 'முயல் பெருமாள்' வந்ததற்காக 'காளான் பெருமாள்' போய்விடவில்லை. ஊர்க்காரர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவனும் இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தான், வேறு என்ன செய்வது?

இத்தனை அடிகளுக்கும் தப்பிச் சேதாரமில்லாமல் நின்றது அவனுடைய மீசை ஒன்றுதான். கறுகறுவென்று, கன்னம் வரைக்கும் ஓடி, நுனியில் ஒரு சுழி சுழித்து நிற்கும். காலையில் பல் தேய்க்கிறானோ இல்லையோ, மீசைக்கு எண்ணெய் போட மறக்கமாட்டான். கல்யாணத்துக்கு முன்பே வளர்த்தது. அவன் மேலுதடு எப்படி இருக்கும் என்று அவன் மனைவி முத்துராணிக்கே தெரியாது. ஊர் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டாலும் அவன் கை தன்னால் மீசைக்குப் போகும், முகத்தில் ஒரு தைரியம் வந்துவிடும்.

தொண்ணூற்று மூன்றிலோ நான்கிலோ, பிசான நெல்லை அறுத்துவிட்டு ஊரே கால் நீட்டிப் படுத்திருந்த மாசி மாதத்தில், வைத்தீஸ்வரன் என்ற விஞ்ஞானி எம்.எய்ட்டி வண்டியில் ஊருக்குள் வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர். உடன் பிறந்தவர்கள் பம்பாய்க்கும் அமெரிக்காவுக்கும் போய்விட, இவர் மட்டும் சோளத்தின் மீது மையல் கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. வண்டியில் ஒரு விதை மூட்டை. சோதனைக்கு வயல் கொடுக்க யார் தயார் என்று அவர் ஊர் ஊராகக் கேட்டு அலுத்துப் போயிருந்தார். ஆலடிக்குறிச்சியில் கேட்டதும் ஊரே ஒரே பக்கமாகக் கையை நீட்டிப் பெருமாள்ராஜின் வீட்டைக் காட்டியது.

"பெருமாள்ராஜ், இது நீங்க நினைக்கற சோளமில்லை. இனிப்புச் சோளம். தலையில சாப்பாடு, உடம்புல பெட்ரோல்!" என்றார் வைத்தீஸ்வரன். "கதிரை அறுத்து சமைச்சுச் சாப்பிடலாம். தண்டைப் பிழிஞ்சா கரும்பு மாதிரி சாறு வரும். அதைப் புளிக்க வெச்சுக் காய்ச்சி இறக்கினா எரிசாராயம். அதை ஊத்தினா மோட்டார் ஓடும். உங்க வயல்லயே விளைஞ்சு, உங்க வயலுக்கே தண்ணி இறைக்கும். பாத்துக்கோங்கோ!"

"நெசமாவே மோட்டார் ஓடுமா சார்?"

"பிரேசில்ல கரும்புச் சாராயத்துல காரே ஓடறது."

பிரேசில் எந்தப் பக்கம் என்று பெருமாள்ராஜுக்குத் தெரியாது. ஆனால் அங்கே எவனோ ஒருவன் தன்னைப்போலவே யோசித்து, ஜெயித்தும் இருக்கிறான் என்பதில் அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. அப்போதே தலையாட்டிவிட்டான். வைத்தீஸ்வரனுக்கு மோர் கொண்டுவந்த முத்துராணி, அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் செம்பைத் திண்டில் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு அந்தத் தலையாட்டல் பழக்கம். முயல் வந்ததும் அப்படித்தான்.

சாயங்காலமே சேதி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டது. அங்கே ஞானசிகாமணி அண்ணாச்சியின் டீக்கடை. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். கல்லாவை ஒட்டியே பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கும், அந்த ஆவியில் அவர் மூக்குக்கண்ணாடி எந்நேரமும் மங்கியே இருக்கும். யார் வந்தாலும் எழுந்திருக்கமாட்டார். ஒருமுறை கலெக்டரே ஜீப்பை நிறுத்தி இறங்கி வந்தபோதும், உட்கார்ந்த இடத்திலிருந்தே "டீயா, காப்பியா?" என்று கேட்டார் என்பது அந்தக் கடையின் சரித்திரம்.

"ஏலே முயலு, நஞ்சை வயல்ல சோளம் வெதைக்கப் போறியாமே?" என்றார் அண்ணாச்சி. "ஆத்துத் தண்ணியக் குடிச்சு வளந்த ஒருத்தனும் செய்யாத வேலைலா அது! அந்தச் சோளத் தண்ணியில மோட்டார் வேற ஓடுமாக்கும்?"

"ஓடும் அண்ணாச்சி."

"ஓடலைன்னா?"

கடை முழுக்கச் சிரிக்கக் காத்துக்கொண்டிருந்தது. பெருமாள்ராஜின் கை மீசைக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது, வாய் மட்டும் தனியாகப் பேசியது: "ஓடலைன்னா இதை எடுத்துடுதேன்."

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் தம்ளரைக் கீழே வைத்தார்கள். ஆலடிக்குறிச்சியில் எதை வைத்தும் பந்தயம் கட்டுவார்கள். மீசையை வைத்து யாரும் கட்டியதில்லை.

"ஓடிட்டா நீங்க என்ன செய்வீய?" என்று கேட்டான் பெருமாள்ராஜ்.

அண்ணாச்சி யோசித்தார். "நீ கடைக்கு வரும்போதெல்லாம் எந்திரிச்சு நிக்கேன் வே, போதுமா? இந்த ஊரு சாட்சி."

அன்றிரவு முத்துராணி சோற்றைத் தட்டில் கொட்டினாள். கை கழுவப் போனவனிடம் கேட்டாள்: "போயும் போயும் அதையா வச்சிய? வேற ஒண்ணும் கெடைக்கலையா?"

"மோட்டார் ஓடும் ஏட்டி" என்றான். சொல்லிவிட்டு, கழுவின கையையே இன்னொரு தடவை கழுவினான்.

சோளம் என்னவோ அவனை ஏமாற்றவில்லை. ஆள் உயரம் தாண்டி, அதற்கு மேல் ஒரு முழமும் வளர்ந்தது. கதிர் கட்டி நின்றபோது வாய்க்கால் கரையில் போகிற பஸ்ஸின் கண்டக்டர்கூட எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கிளிகள் கதிரைத் தின்ன வந்தன, ஊர்க்காரர்கள் தண்டைத் தின்ன வந்தார்கள். கிளியை விரட்டலாம். "சும்மா ருசி பாக்கேன் வே" என்று வாயில் தண்டோடு நிற்கிற சித்தப்பாவை எப்படி விரட்டுவது? வயலின் நாலு ஓரமும் மெல்ல மெல்ல உள்ளே சுருங்கிக்கொண்டே போயின.

இதைவிடப் பெரிய கூத்து அடுத்து நடந்தது. சோளத்தில் மோட்டார் ஓடுமென்றுதான் ஊர் கேள்விப்பட்டிருந்தது. அதற்கு நடுவில் சாராயம் என்று ஒரு கட்டம் இருப்பது ஆனி மாதத்தில்தான் எல்லாருக்கும் உறைத்தது. மறுநாளே ஆலடிக்குறிச்சி ஆண்களுக்கு விவசாயத்தின் மேல் ஒரு பக்தி பிறந்துவிட்டது. வாழ்நாளில் மண்வெட்டியைத் தொடாத ஆட்கள் வரப்பில் வந்து நின்று, "களை கெளை எடுக்கணுமா?" என்று விசாரித்தார்கள். "சாறு எப்பம் புழிவீய?" என்று கேட்டார்கள். ஒருவர் சொந்தமாகச் சொம்பே கொண்டுவந்திருந்தார்.

அரசாங்கமும் இதை எதிர்பார்த்திருந்தது போலும். காய்ச்சி இறக்க அனுமதி கொடுத்தபோதே, ஒரு போலீஸ்காரர் கூடவே இருந்து காவல் காக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். வந்தவர் ஏட்டு திருஞானசம்பந்தம். பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். நெற்றி நிறைய விபூதி, இடுப்பு நிறைய தொப்பை. களத்துமேட்டில் புன்னை மரத்தடியில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு சொட்டு வெளிய போவாது" என்று லத்தியைத் தட்டிச் சொன்னார். வெளியே போகாது என்றுதான் சொன்னார். உள்ளே போவதைப் பற்றி அவர் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை.

பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் பீர் முகம்மது, சாறு பிழியும் இயந்திரத்தையும் பழைய பம்ப்செட் ஒன்றையும் வேனில் ஏற்றிக் கொண்டுவந்தார். பம்ப்செட்டின் கார்புரேட்டரை எரிசாராயத்துக்குத் தோதாகத் திருத்தியிருந்தார். "நம்ம வேல சுத்தம் வே. சரக்கு சுத்தமா இருந்தா இது கெணத்தையே உறிஞ்சிரும்" என்று பெருமாள்ராஜின் தோளில் தட்டினார்.

கதிரை அறுத்துக் களத்தில் காயப்போட்டார்கள். தண்டை வெட்டிப் பிழிந்தார்கள். பச்சையும் மஞ்சளுமாகச் சாறு குடம் குடமாக வந்தது. வைத்தீஸ்வரன் முத்துராணியைக் கூப்பிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "அம்மா, இது ஈஸ்ட். பானை பானையா சாறை ஊத்தி, இதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவி, துணியால கட்டி வெச்சுடுங்கோ. நான் கோயம்புத்தூர் போய்ப் பெரிய மேடத்தை அழைச்சுண்டு வந்துடறேன். அவங்க எதிர்லதான் காய்ச்சி மோட்டாரை ஓட்டணும். திட்டம் அடுத்த வருஷமும் நடக்கணும்னா மேடம் சரின்னு சொல்லணும்."

முத்துராணி தலையாட்டினாள். இங்கேதான் வினை சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

முத்துராணி பிறந்தது உடன்குடிப் பக்கம், பனங்காட்டுக்குள். அவள் அப்பா, சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் பனையேறிகள். அம்மா பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறவள். அந்த வீட்டில் பிறந்த பெண் இனிப்புச் சாறு விடப்போகிற பானையைப் பார்த்தால் முதலில் என்ன செய்வாள்? உள்ளே சுண்ணாம்பு தடவுவாள். அரிசியைக் களைந்து உலையில் போடுவது மாதிரி, அது கை தானாகச் செய்கிற காரியம். சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாமல் விட்டால் பொழுது ஏறுவதற்குள் பொங்கிப் புளித்துக் கள். கள் என்றால் போலீஸ், கேஸ், கோர்ட்டு, ஊர்ச் சிரிப்பு. இங்கேயோ பானைக்குப் பக்கத்திலேயே லத்தியோடு ஒரு போலீஸ்காரர் வேறு உட்கார்ந்திருக்கிறார்!

அவள் வெற்றிலைக்குப் போடுகிற அளவுக்குத் தடவவில்லை. தாராளமாகவே தடவினாள். தினமும் காலையிலும் மாலையிலும் பானையைத் திறந்து இன்னும் ஒரு கரண்டி கரைத்தும் விட்டாள். ஈஸ்ட்டையும் சொன்னபடி தூவினாள். ஈஸ்ட் என்றால் ஏதோ சீரகம் மாதிரி என்று நினைத்துக்கொண்டாள். சாராயம் வருவது அடுப்பில் வைத்துக் காய்ச்சும்போது என்பது அவள் எண்ணம். அது அடுப்பின் பாடு, அவளுக்கென்ன? சுண்ணாம்பு தடவக் கூடாது என்று வைத்தீஸ்வரன் சொல்லவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் தடவுவார் என்று அவருக்குத் தோன்றவில்லை. தடவட்டுமா என்று அவளும் கேட்கவில்லை, ஏனென்றால் தடவாமல் ஒருவர் இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பெருமாள்ராஜ் அந்தப் பக்கமாகப் போனபோது அவள் பானைக்குள் கைவிட்டுத் தடவுவதைப் பார்த்தான். மாமியார் வீட்டில் வருஷா வருஷம் பார்த்த காட்சிதான். பார்த்தது மனதில் நிற்கவே இல்லை.

மறுநாள் மத்தியானம் ஏட்டு திருஞானசம்பந்தம் கடமையின் பொருட்டு ஒரு பானையின் துணியை அவிழ்த்து, ஒரு சொம்பு எடுத்துச் சோதித்தார். இனித்தது. ஆனால் சாராயப் பானையிலிருந்து எடுத்துக் குடித்தது சாராயமாகத்தானே இருக்க வேண்டும்? கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் சொருகியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. தேவாரத்தில் ஆரம்பித்து, தெம்மாங்கில் போய் முடிந்தார்.

"ஏட்டையா, எப்படி இருக்கு?" என்று பயத்தோடு கேட்டான் பெருமாள்ராஜ்.

"பெருமாளு... நல்லா ஏறுது வே... பைய ஏறுது... ஆனா ஏறுது!"

பெருமாள்ராஜுக்கு உயிர் வந்தது. ஏட்டையாவுக்கே ஏறுகிறதென்றால் மோட்டாருக்கு ஏறாதா? அவன் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டுக்கொண்டான்.

அதன்பிறகு காவல் கொஞ்சம் தளர்ந்தது. ஒருவர் ஒருவராக வந்து ஏட்டையாவுக்குத் துணையாக உட்கார்ந்தார்கள். எல்லாருக்கும் ஏறியது. சொம்பு கொண்டுவந்தவருக்கு ரொம்ப ஏறி, வரப்பு வளைந்திருக்கிறது என்று வரப்போடு சண்டைக்குப் போனார். கடைசியில் ஒரு சாயங்காலம், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஞானசிகாமணி அண்ணாச்சியே வந்தார்.

"சும்மா மோந்து பாக்க வந்தேன் வே" என்று சொல்லி இரண்டு சொம்பு மோந்தார். பிறகு, பல வருஷங்களுக்கு முன்னால் செத்துப்போன தன் எருமையை நினைத்து ஏங்கி ஏங்கி அழுதார். "அவ மாதிரி ஒருத்தி இனிமே வருவாளா பெருமாளு?" என்று அவன் தோளில் சாய்ந்தார். ஒரு பொட்டுக்கூடப் போதை இல்லாத சர்க்கரைத் தண்ணீர் அது. அழுகை மட்டும் நூறு சதவீதம் அசல்.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய வைத்தீஸ்வரன், மேடத்தின் ஜீப்புக்கு முன்னதாகத் தன் வண்டியில் களத்துக்கு வந்த அன்று காலை, அவருக்கு ஒரு சோதனை. சாராயத்தின் வீரியத்தை அளக்கும் கண்ணாடிக் குழல் வாய்க்கால் பாலத்துக் குழியில் எம்.எய்ட்டி குதித்ததில் பெட்டிக்குள்ளேயே உடைந்து நொறுங்கியிருந்தது. வாயில் வைத்துப் பார்க்கலாமென்றால் அவர் ஆசாரம் இடம் கொடுக்கவில்லை. முகர்ந்து பார்ப்பதும் குடிப்பதில் பாதி என்பது அவர் கட்சி. என்ன செய்வதென்று திகைத்து நின்றவர், புன்னை மரத்தைக் கட்டிப்பிடித்து அதற்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த ஏட்டையாவைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதமாப் புளிச்சிருக்கு! இதைவிட என்ன மீட்டர் வேணும்?" என்றார்.

பெரிய மேடம் டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே ஜீப்பிலிருந்து இறங்கினார். ஊரே களத்துமேட்டில் கூடியிருந்தது. செம்புப் பாத்திரத்தில் சாறை ஊற்றி அடுப்பை மூட்டினார்கள். வளைந்த குழாயின் முனையிலிருந்து சொட்டு சொட்டாக வர ஆரம்பித்தது. அது கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததைப் பார்த்ததும் எல்லாரும் கை தட்டினார்கள். ஏட்டையா விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கப் போய், தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

பீர் முகம்மது அதை வாங்கி மோட்டாரில் ஊற்றினார். கயிற்றைச் சுற்றி ஒரு இழுப்பு இழுத்தார். மோட்டார், "புஸ்" என்றது. இன்னொரு இழுப்பு. அதற்குப் "புஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. பெருமாள்ராஜ் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடுங்கித் தானே இழுத்தான். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இழுத்துக்கொண்டே இருந்தான்.

"நிறுத்துங்க, முதல்ல இது எரியுதான்னு பாக்கலாம்" என்றார் மேடம்.

ஒரு தட்டில் ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினார்கள். குச்சி, 'சுய்' என்று அணைந்தது. காற்று அடிக்கிறது என்று நாலு பேர் வட்டமாக மறைத்து நின்றுகொண்டு இன்னொன்று கிழித்தார்கள். அதுவும் அணைந்தது. கூட்டத்திலிருந்து தீப்பெட்டிகள் பறந்து வந்தன. ஆலடிக்குறிச்சியில் அன்று மாலை பீடி பற்றவைக்கக் குச்சி இல்லாமல் போனதற்கு இதுதான் காரணம். தட்டில் இருந்தது தண்ணீர், வெறும் தண்ணீர்.

மேடம் நேரே பானைக்குப் போய்த் துணியை விலக்கி, ஒரு தம்ளர் மொண்டு வாயில் வைத்தார். புருவம் உயர்ந்தது. தம்ளரைக் காலி செய்தார். இன்னொன்று மொண்டார். "மிஸ்டர் வைத்தீஸ்வரன், இது புளிக்கவே இல்லையே? பதநீர் மாதிரி இருக்கு! அருமையா இருக்கு!"

எல்லார் கண்களும் ஒருமிக்க ஏட்டையாவின் பக்கம் திரும்பின. அவர் புன்னை மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரே நொடியில் நேராக நின்றார். அவ்வளவு நேராக அந்த வாரத்தில் அவர் நின்றதே இல்லை.

"அப்பம் நீரு எதுக்குவே ஆடினீரு?" என்று கேட்டார் பீர் முகம்மது.

"வெயிலு" என்றார் ஏட்டையா.

வரப்போடு சண்டை போட்டவர் குனிந்து செருப்பைத் தேடினார், அவர் செருப்பே போட்டு வந்திருக்கவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெரிய உருவம் கூட்டத்துக்குப் பின்னால் நழுவிப் போனது. அண்ணாச்சிதான். கடையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகராத மனிதர், அன்று வரப்பில் ஓடினார்.

வைத்தீஸ்வரன் பானையைக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "சுண்ணாம்பு!" என்று அலறினார். "அடடா, சுண்ணாம்பு போட்டா ஈஸ்ட் எப்படிப் பிழைக்கும்? எல்லாம் போச்சே! யாரு இதைப் பூசினது?"

பெருமாள்ராஜுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. திரும்பி முத்துராணியைப் பார்த்தான். அவள் முகம் வெளிறியிருந்தது. சுண்ணாம்பில் வெந்து தோல் உரிந்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். உதடு ஏதோ சொல்லத் திறந்தது. இந்த ஊரை அவனுக்குத் தெரியும். இன்னும் ஒரு நொடியில் அவளுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். சுண்ணாம்பு முத்துராணி. கிணற்றடியில், கோயிலில், பிள்ளை குட்டிகளின் கல்யாண வீட்டில், சாகும்வரைக்கும். பெண்டாட்டி செய்த வேலை என்று அவன் சொல்லிவிட்டால் பந்தயமே செல்லாமல் போகும், மீசை பிழைத்துவிடும். அதுவும் அவனுக்குத் தெரியும்.

"நாந்தான் சார் பூசினேன்" என்றான்.

ஊர் வெடித்துச் சிரித்தது. வைத்தீஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முத்துராணி, "இல்ல, அது..." என்று முன்னால் வந்தாள். பெருமாள்ராஜ் அவளைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை முறைத்ததே இல்லை. அந்த அதிர்ச்சியிலேயே அவள் வாய் மூடிக்கொண்டது.

அழுது வடிந்துகொண்டிருந்த வைத்தீஸ்வரனைத் தேற்றியது மேடம்தான். காய்ந்த கதிரைக் கசக்கிப் பார்த்தார், சோளச் சோறு பொங்கச் சொல்லி மீன் குழம்போடு சாப்பிட்டார், மேலும் இரண்டு தம்ளர் சாறு குடித்தார். "சாப்பாட்டுப் பக்கம் நூத்துக்கு நூறு. மோட்டாரை அடுத்த வருஷம் பாத்துக்கலாம். திட்டம் நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது ஏட்டையாவை ஒரு பார்வை பார்த்து, "அரசாங்கச் சாறை யார் யார் குடிச்சாங்கன்னு விசாரிக்க ஆள் அனுப்பச் சொல்றேன்" என்றும் சொன்னார். விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மிச்சச் சாறை முத்துராணி காய்ச்சினாள். பாகு கருப்பட்டிக்குத் தங்கச்சி மாதிரி வந்தது. கிண்டிக்கொண்டே புருஷனைப் பார்க்காமல் கேட்டாள்: "எதுக்குப் பொய் சொன்னிய?"

"மீசை மறுபடி முளைச்சிரும் ஏட்டி. ஊரு வைக்கிற பேரு உதிராது. எனக்கில்லா தெரியும் அது."

அவள் கரண்டியை வைத்துவிட்டு, புகைக்கு என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் நாவிதரிடம் போனால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிவிடும் என்று இரண்டு பேரும் பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனார்கள். மீசை இல்லாமல் வேட்டி கட்டினால் பார்க்கச் சகிக்காது என்று, தம்பி கல்யாணத்துக்குத் தைத்த பேன்ட்டையும் வெள்ளைச் சட்டையையும் முத்துராணிதான் எடுத்துக் கொடுத்தாள். சலூன்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டு, "நெசமாவா அண்ணாச்சி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். பெருமாள்ராஜும் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வந்ததை சலூன்காரர் பவுடர் போட்டு மறைத்துவிட்டார்.

வெளியே வந்தவனை முத்துராணி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். மேலுதட்டின் நடுவில், மூக்குக்கு நேர் கீழே, உளுந்து அளவில் ஒரு மச்சம்.

"இத்தனை வருசமா இதையா ஒளிச்சு வச்சிருந்திய?" என்று கேட்டவள், சலூன் படியிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அவன் பார்த்ததில்லை. உதட்டில் காற்றுப் பட்டுக் கூசியது. மீசை போனது போனதுதான், ஆனால் மனசுக்குள் அவன் நினைத்த அளவு வலி இல்லை.

ஆலடிக்குறிச்சியில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முத்துராணி சிரிப்பை அடக்க முடியாமல் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டாள். பெருமாள்ராஜ் மட்டும் டீக்கடைக்கு நடந்தான். சொன்ன வாக்கை நிறைவேற்றிவிட்டேன் என்று காட்டி, சிரிக்கிறவர்கள் சிரித்து முடிக்கட்டும், அத்தோடு தீர்ந்தது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனான்.

கல்லாவில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். பாய்லர் கொதித்தது. மங்கிய கண்ணாடிக்குள்ளிருந்து அவர் பார்த்தது வெள்ளைச் சட்டை, பேன்ட், மழுங்கச் சிரைத்த முகம். நேரே தன்னை நோக்கி, விறைப்பாக, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்துகொண்டிருந்தது. விசாரணை!

கலெக்டருக்கு எழாத ஞானசிகாமணி அண்ணாச்சி, நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, எழுந்து நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது. இரண்டு கையும் குவிந்தது.

"வாங்க சார்... உக்காருங்க சார்... ரெண்டே ரெண்டு சொம்புதான் சார். எருமை ஞாபகத்துல குடிச்சிட்டேன். இனிமே அந்த வயல் பக்கமே போகமாட்டேன் சார்."

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் பெஞ்சிலிருந்து திரும்பினார்கள். முதலில் கண்டுபிடித்தவன் டீயைத் துப்பினான். அடுத்தவன் அவன் மேல் விழுந்தான். அண்ணாச்சி ஒன்றும் புரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, வந்தவரின் முகத்தை, மேலுதட்டை, அதில் இருந்த மச்சத்தை, கடைசியாகக் கண்களைப் பார்த்தார்.

பெருமாள்ராஜின் கை பழக்கத்தில் மீசைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் வெறும் உதட்டைத் தடவிவிட்டு வந்தது. அவன் விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து நிமிர்த்தி, அவருக்குப் பின்னால் மரியாதையாகப் போட்டான்.

"பைய உக்காருங்க அண்ணாச்சி" என்றான்.